பாக்கெட் பாலும் நீதிமன்றமும்: இந்தியாவில் பால் கலப்பட, லேபிள் வழக்குகளின் வரலாறு

இந்தியாவில் உணவுக் கலப்படத்துக்காகத் தொடுக்கப்பட்ட வழக்குகளில் பால் தொடர்பான வழக்குகளுக்குத் தனி இடம் உண்டு. குழந்தை முதல் முதியவர் வரை அனைவரும் அருந்தும் பொருள் பால். அதில் தண்ணீர் சேர்ப்பது மிக எளிது, கண்டுபிடிப்பது கடினம். எல்லாவற்றுக்கும் மேலாக, குற்றத்துக்குச் சான்றாக நிற்க வேண்டிய அந்தப் பாலே சில மணி நேரத்தில் திரிந்துவிடும். வழக்கோ பல ஆண்டுகள் நடக்கும். கெட்டுப்போகும் பொருளை வைத்துக் கெடாத சான்றை உருவாக்குவது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடிய கதையே இந்தச் சட்டங்களின் வரலாறு. பால் பாக்கெட்டில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தபின் அந்த விடை எவ்வாறு மாறியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தண்ணீர் நஞ்சா? – 1860ஆம் ஆண்டுச் சட்டம்

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 272, 273 ஆகிய பிரிவுகள் உணவுக் கலப்படத்தைக் குற்றம் என்றன. ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் தண்டனை. ஆனால் இப்பிரிவுகளில் ஒரு பெரிய தடை இருந்தது. கலப்படம் செய்ததால் அந்த உணவு உடலுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியதாக மாறியது என்று அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும். அதை விற்கும் நோக்கத்தோடு அல்லது விற்கப்படும் என்று தெரிந்தே கலந்தார் என்பதையும் காட்ட வேண்டும்.

பாலில் நல்ல தண்ணீர் கலந்தால் பால் நஞ்சாவதில்லை, சத்துதான் குறைகிறது. வாங்கியவர் ஏமாற்றப்படுகிறார், குழந்தைக்கு ஊட்டம் கிடைக்காமல் போகிறது. ஆனாலும் இந்தப் பிரிவுகளின்கீழ் அது குற்றமாவது அரிது. நாட்டில் மிகுதியாக நடந்த கலப்படம் இவ்வாறு சட்டத்தின் கையில் சிக்காமல் நழுவியது.

இக்குறையைப் போக்க மாகாணங்கள் தனித்தனியே சட்டம் இயற்றின. சென்னை மாகாணத்தில் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டம் வந்தது. வங்காளம் 1919இலும் பம்பாய் 1925இலும் சட்டம் கொண்டுவந்தன. வெவ்வேறு காலங்களில் வந்த இச்சட்டங்களிடையே ஒருமைப்பாடு இல்லை. இரயிலேறி மாகாண எல்லையைத் தாண்டும் உணவுப் பொருளுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே சட்டம் தேவைப்பட்டது.

1954ஆம் ஆண்டுச் சட்டமும் எண்களின் ஆட்சியும்

நாடாளுமன்றம் இயற்றிய உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம், 1954, அடுத்த ஆண்டு ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டம் கேள்வியையே மாற்றியது. 'பால் தீங்கானதா?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'விதித்த அளவுக்கு இருக்கிறதா?' என்று கேட்டது. பாலில் இருக்க வேண்டிய கொழுப்பின் அளவும், கொழுப்பு நீங்கலான பிற திடச்சத்தின் அளவும் நூற்றுவீதத்தில் வரையறுக்கப்பட்டன. அதற்குக் குறைந்தால் அது கலப்படப் பால். விற்றவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா என்பது பொருட்டல்ல. பொருளின் தன்மை தமக்குத் தெரியாது என்பது தற்காப்பாகாது என்று 19ஆம் பிரிவு கூறியது.

இரண்டு அளவுகள் ஏன்? பால்மானியைப் பாலில் மிதக்கவிட்டால் அதன் அடர்த்தி தெரியும். தண்ணீர் சேர்த்தால் அடர்த்தி குறையும். கொழுப்பை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். கொழுப்பையும் எடுத்து, தண்ணீரையும் சேர்த்துவிட்டால் பால்மானி ஏமாந்துவிடும். ஆகவே ஆய்வகத்தில் கொழுப்பையும் பிற திடச்சத்தையும் தனித்தனியே அளந்தால்தான் உண்மை வெளிப்படும்.

1964ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவாகக் குறைந்தபட்சம் ஆறு மாதச் சிறை என்ற விதியைக் கொண்டுவந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை நன்னடத்தையின்பேரில் விடுவிக்கும் வழியையும் அடைத்தது. சைக்கிளில் கேன் கட்டிச் சென்ற சிறு பால்காரரும் பெரிய பால் வணிகரும் ஒரே தராசில் நிறுத்தப்பட்டனர்.

மாதிரி கெட்டால் வழக்கும் கெடும்

தண்டனை கடுமையாக இருந்ததால், சான்றும் பழுதற்றதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்த்தன. உணவு ஆய்வாளர் சாட்சிகளின் முன்னிலையில் பாலை விலைக்கு வாங்கி, நன்கு கலக்கி, மூன்று பகுதிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். தொடக்கத்தில் ஒரு பகுதி விற்பவருக்கும், ஒரு பகுதி பொதுப் பகுப்பாய்வாளருக்கும் தரப்பட்டது. மூன்றாவது, நீதிமன்றத்துக்கென வைக்கப்பட்டது. 1976க்குப் பின் ஒரு பகுதி பகுப்பாய்வாளருக்கும், மற்ற இரண்டும் உள்ளூர்ச் சுகாதார அதிகாரிக்கும் சென்றன.

பால் திரியாமல் இருக்க, 25 மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிலிட்டர், அதாவது இரண்டு சொட்டு என்ற கணக்கில் பார்மலின் சேர்க்க விதி இருந்தது. இதில் ஒரு முரண் உண்டு. வணிகர் பாலில் பார்மலின் சேர்த்தால் அது குற்றம். அதே பார்மலினை ஆய்வாளர் மாதிரியில் சேர்க்காவிட்டால் வழக்கே தோற்கலாம்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு 13(2)ஆம் பிரிவு ஒரு முக்கிய உரிமையைத் தந்தது. பொதுப் பகுப்பாய்வாளரின் அறிக்கையில் நம்பிக்கை இல்லையென்றால், மற்றொரு பகுதியை மத்திய உணவு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி நீதிமன்றத்தை அவர் கேட்கலாம். அந்த ஆய்வகத்தின் சான்றிதழே இறுதியானது.

இந்த உரிமை வெறும் ஏட்டளவில் நின்றுவிடக் கூடாது என்பதை டில்லி மாநகராட்சி தொடுத்த ஒரு தயிர் வழக்கு நிலைநாட்டியது. 1961இல் மாதிரி எடுக்கப்பட்டது. வழக்கோ அடுத்த ஆண்டில்தான் தொடுக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் மறு ஆய்வு கேட்டபோது தயிர் முற்றிலும் கெட்டுவிட்டிருந்தது. அரசுத் தரப்பின் தாமதத்தால் அவருடைய உரிமை பறிபோனது என்று கூறி, அவரை விடுதலை செய்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 1966இல் முடிவு செய்தது. பிற்காலப் பால் வழக்குகளில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்ட தீர்ப்பு இது.

ஆனால் இந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. 1971இல் குஜராத்திலிருந்து வந்த ஒரு பால் வழக்கில், மறு ஆய்வு கேட்கவே கேட்காத ஒருவர் 'என் உரிமை பறிபோனது' என்று பின்னர் முறையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. உரிமையைக் கேட்டுப் பெறுவது குற்றம் சாட்டப்பட்டவரின் பொறுப்பு. கேட்கும்போது பொருள் கெடாமல் இருக்கச் செய்வது அரசின் பொறுப்பு.

ஓர் எண்ணும் இருபத்து நான்கு ஆண்டுகளும்

உத்தரப்பிரதேசத்தில் 1995 அக்டோபரில் ஒருவரிடம் எடுக்கப்பட்ட பால் மாதிரியில் கொழுப்பு 4.6 விழுக்காடும், கொழுப்பற்ற திடச்சத்து 7.7 விழுக்காடும் இருந்தன. திடச்சத்து 8.5 விழுக்காடு இருந்திருக்க வேண்டும். குறைவு 0.8 மட்டுமே. 'இது மிகச் சிறிய வேறுபாடு. பாலின் தன்மை மாட்டின் தீவனத்தையும் உடல்நலத்தையும் பொறுத்தது' என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சட்டம் ஓர் அளவை விதித்திருக்கும்போது, சிறிதளவு குறைந்தாலும் அது குறைவுதான் என்று கூறித் தண்டனையை உறுதி செய்தது.

இத்தீர்ப்பை இரு கோணங்களில் பார்க்கலாம். அளவில் நெகிழ்வு காட்டத் தொடங்கினால் அந்த அளவுக்கே பொருள் இல்லாமல் போகும் என்பது ஒன்று. மாதிரி எடுத்து இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் இறுதி விடை கிடைப்பது, அந்தப் பாலைக் குடித்த குழந்தைக்கும் விற்ற மனிதருக்கும் எந்த வகையில் நீதி என்பது மற்றொன்று.

பாக்கெட்டின் வருகை

தேசியப் பால்வள வாரியம் 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் பால் விற்பனையின் முகத்தை மாற்றியது. கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் பாலைச் சேகரித்து, ஆலையில் கொதிநிலைக்குக் கீழ்ப் பக்குவப்படுத்தி, கொழுப்பைச் சமன் செய்து, முதலில் புட்டியிலும் பின்னர் பிளாஸ்டிக் உறையிலும் நகரங்களுக்கு அனுப்பின. தமிழ்நாட்டில் ஆவின் இந்த மாற்றத்தின் முகமாக விளங்கியது.

பாக்கெட் வந்ததும் வழக்கின் வடிவமும் மாறியது. முதலாவது மாற்றம் பொறுப்பைப் பற்றியது. முத்திரையிட்ட உறையை அப்படியே விற்கும் பெட்டிக்கடைக்காரர் உள்ளே இருப்பதை எப்படி அறிவார்? உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடம் எழுத்துமூல உத்தரவாதத்துடன் வாங்கி, முறையாகப் பாதுகாத்து, வாங்கிய நிலையிலேயே விற்றேன் என்று அவர் மெய்ப்பித்தால் தப்பலாம் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருந்தது. 1964இல் சேர்க்கப்பட்ட 20ஏ பிரிவு, விசாரணை நடக்கும்போதே உற்பத்தியாளரையும் அதே வழக்கில் சேர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. கடையில் வாங்கிய ரசீது இவ்வாறு ஒரு சட்ட ஆவணமாயிற்று.

இரண்டாவது மாற்றம் எழுத்தைப் பற்றியது. கேனில் வந்த பால் எதையும் சொல்லவில்லை, பாக்கெட் பேசுகிறது. அதன்மேல் அச்சிட்டிருப்பது உற்பத்தியாளர் தாமே கொடுத்த வாக்குமூலம்.

லேபிள்: உற்பத்தியாளரின் வாக்குமூலம்

உள்ளே இருப்பது நல்ல பாலாகவே இருந்தாலும், மேலே எழுதியிருப்பது பொய்யானால் அதுவும் குற்றம். சட்டம் இதைத் தப்புக்குறியீடு என்று தனியே வகைப்படுத்துகிறது.

பால் வகைகளின் பெயர்கள் விளம்பரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் சட்ட அளவு உண்டு:

- சமன்படுத்தப்பட்ட பால்: கொழுப்பு குறைந்தது 3.0 விழுக்காடு, பிற திடச்சத்து 8.5 விழுக்காடு
- இருமுறை சமன்படுத்தப்பட்ட பால்: கொழுப்பு 1.5, பிற திடச்சத்து 9.0
- நிலைப்படுத்தப்பட்ட பால்: கொழுப்பு 4.5, பிற திடச்சத்து 8.5
- நிறைகொழுப்புப் பால்: கொழுப்பு 6.0, பிற திடச்சத்து 9.0

'நீலப் பாக்கெட் ஒன்று, பச்சைப் பாக்கெட் ஒன்று' என்று கடையில் கேட்கும் பழக்கத்துக்கும் சட்டப் பின்னணி உண்டு. 1955ஆம் ஆண்டு விதிகளின்படி, பால் புட்டியின் மூடியில் பாலின் வகை தெரிய வேண்டும். பசும்பாலுக்கு 'சி', எருமைப்பாலுக்கு 'பி', சமன்படுத்திய பாலுக்கு 'டி' என ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள் அனுமதிக்கப்பட்டன. எழுத்துக்குப் பதில் நிறத்தாலும் வகையைக் காட்டலாம். ஆனால் எந்த நிறம் எந்த வகையைக் குறிக்கிறது என்பதை விற்குமிடத்தில் எழுதி வைக்க வேண்டும். சுகாதார அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். எழுத்தறியாதவரும் ஏமாறாமல் வாங்கத் துணைசெய்த ஏற்பாடு அது.

குழந்தைகளுக்கான பால் பவுடருக்கு இன்னும் கடுமையான லேபிள் விதிகள் வந்தன. 1992ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகத்தைக் கட்டாயமாக்கியது. கொழுகொழுவென்ற குழந்தையின் படத்தை உறையில் அச்சிடத் தடை விதித்தது. அரசு அங்கீகரித்த தன்னார்வ அமைப்புகளும் இச்சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் புகார் செய்யலாம் என்பது இதன் சிறப்பு.

2006ஆம் ஆண்டுச் சட்டம்: குற்றங்களைப் பிரித்தது

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, தனது விதிகளுடன் 2011 ஆகஸ்ட் 5 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் ஒரே கோலால் அடித்ததை இச்சட்டம் தவறின் தன்மைக்கேற்பப் பிரித்தது.

தரம் குறைந்த உணவு: விதித்த அளவுக்குக் குறைந்தது, ஆனால் பாதுகாப்பற்றது அல்ல. ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம்.

தப்புக்குறியீடு: மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை.

பாதுகாப்பற்ற உணவு: குற்றவியல் வழக்கு. பாதிப்பு ஏதும் ஏற்படாவிட்டாலும் சிறை உண்டு. உயிரிழப்பு ஏற்பட்டால் குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறையும், பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கலாம். இறந்தவரின் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீடும் உண்டு.

முதல் இரண்டு வகைகளும் குற்றவியல் நீதிமன்றத்துக்குச் செல்வதில்லை. கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அலுவலர் விசாரித்து அபராதம் விதிக்கிறார். தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர் இப்பணியைச் செய்கிறார். அபராதத்தை முடிவு செய்யும்போது கிடைத்த ஆதாயம், விளைந்த இழப்பு, தவறு திரும்பத் திரும்ப நடந்ததா என்பவற்றையும் அவர் பார்க்க வேண்டும்.

காலத்துக்கும் இச்சட்டம் கடிவாளம் இட்டது. மாதிரி இப்போது நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம். நான்காவதை, வணிகர் விரும்பினால் அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் பதினான்கு நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கையை ஏற்காதவர் மேல்முறையீடு செய்து மேல்நிலை ஆய்வகத்தின் முடிவைக் கோரலாம். குற்றம் நடந்த ஓராண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். காரணங்களை எழுத்தில் பதிவு செய்து ஆணையர் ஒப்புதல் தந்தால் மட்டும் மூன்றாண்டு வரை நீட்டிக்கலாம். 1961ஆம் ஆண்டுத் தயிர் கற்பித்த பாடம் இந்தக் கெடுக்களில் பதிந்திருப்பதைக் காணலாம்.

மேலே கண்ட 7.7 விழுக்காட்டுப் பால், வேறு தீங்கான கலப்பு இல்லாத நிலையில், புதிய சட்டப்படி 'தரம் குறைந்த உணவு' ஆகும், அபராதத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பழைய சட்டம் நடப்பில் இருந்தபோது நிகழ்ந்த குற்றம் என்பதால் பழைய தண்டனையே நின்றது. வேறொரு வழக்கில் நீதிமன்றம் வேறு வழியில் சென்றது. மிட்டாய் உறையின் லேபிள் குறைபாடு பற்றிய ஒரு பழைய வழக்கில், புதிய சட்டம் அபராதம் மட்டுமே விதிப்பதைக் கருதி, உச்ச நீதிமன்றம் 2024இல் சிறைத் தண்டனையை அபராதமாக மாற்றியது.

இரண்டு ஆய்வுகள்

2011இல் நாடெங்கும் எடுக்கப்பட்ட 1,791 பால் மாதிரிகளில் 68.4 விழுக்காடு விதித்த தரத்தில் இல்லை என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆய்வு தெரிவித்தது. தண்ணீர் கலப்பே முதன்மைக் குறை. 103 மாதிரிகளில் சலவைப்பொருளின் தடயமும் இருந்தது. தவறிய மாதிரிகளில் உதிரிப்பால் மிகுதி என்றாலும் பாக்கெட் பாலும் இருந்தது. இதன் அடிப்படையில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். பானுமதி எழுதிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2016 ஆகஸ்ட் 5 அன்று வழங்கியது. ஆய்வகங்களை வலுப்படுத்துதல், மாநில அளவில் கண்காணிப்புக் குழு அமைத்தல் ஆகியவற்றோடு, கலப்படத்தைக் கண்டறியும் எளிய முறைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரவும் அத்தீர்ப்பு பணித்தது.

2018இல் நடந்த பெரிய ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. 6,432 மாதிரிகளில் கலப்படத்தால் பாதுகாப்பற்றவையாக இருந்தவை 12 மட்டுமே. ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு வரம்பை மீறியிருந்தது. அவ்வகையில் முன்னணியில் இருந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. உதிரிப்பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் இது மிகுதி. பூஞ்சை பிடித்த தீவனத்தை மாடு தின்பதால் பாலுக்கு வரும் நச்சு இது, காய்ச்சினாலும் போகாது. இங்கே யாரும் எதையும் கையால் கலக்கவில்லை. பால்காரரைத் தேடிப் பழகிய சட்டம், தீவன மூட்டையிலிருந்து குளிரூட்டும் நிலையம் வரை தேட வேண்டியதாயிற்று.

ஒரே குற்றத்துக்கு இரண்டு சட்டங்களா?

புதிய சட்டம் வந்த பின்னரும் பல மாநிலங்களில் காவல்துறை பழைய 272, 273 பிரிவுகளின்கீழும் வழக்குப் பதிவு செய்தது. உத்தரப்பிரதேசம், மேற்கு வங்கம், ஒடிசா ஆகியவை அப்பிரிவுகளுக்கு ஆயுள் தண்டனை வரை உயர்த்தித் திருத்தம் செய்திருந்தன. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இக்குழப்பத்தைத் தீர்த்தது. பாதுகாப்பற்ற உணவு தொடர்பான குற்றத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டமே மேலோங்கி நிற்கும். இரண்டின்கீழும் ஒருசேர வழக்கு நடத்த முடியாது என்றது. முறைப்படி மாதிரி எடுத்து ஆய்வு செய்யும் வழியே வழக்குக்கு அடிப்படை என்பது இதனால் உறுதிப்பட்டது.

நுகர்வோர் அறிய வேண்டியவை

அலுவலர் மட்டுமே மாதிரி எடுக்க முடியும் என்பதில்லை. 40ஆம் பிரிவின்படி, வாங்கியவரும் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் ஆய்வு கோரலாம். இவ்வாறு செய்யப்போவதை விற்பவருக்கு வாங்கும்போதே தெரிவிக்க வேண்டும். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, கோயம்புத்தூர், மதுரை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன.

ஐயம் எழுந்தால் செய்யக்கூடியவை எளியவை. ரசீதைக் கேட்டு வாங்குதல். உறையைக் கிழித்து எறியாமல், பதினான்கு இலக்க உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசி நாள் ஆகியவை தெரியும்படி வைத்திருத்தல். அதே தொகுதியைச் சேர்ந்த பிரிக்காத பாக்கெட் இருந்தால் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு உடனே மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தல். திறந்த பாத்திரத்திலுள்ள பாலைக்கொண்டு உற்பத்தியாளர்மீது குற்றத்தை நிலைநாட்டுவது கடினம்.

நிறைவாக

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புபவரைக் காக்கத்தான் இச்சட்டங்கள் பிறந்தன. 1860இல் நஞ்சைத் தேடிய சட்டம், 1954இல் எண்ணைத் தேடியது. இன்று எழுத்தையும் நாளையும் சேர்த்துத் தேடுகிறது. இந்த நீண்ட வரலாற்றில் வழக்குகள் தோற்றதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தாமதம். நாட்களை வீணாக்கினால் குற்றவாளி தப்புகிறார். அல்லது குற்றமற்றவர் தம்மைக் காத்துக்கொள்ளும் சான்றை இழக்கிறார். பால் கெடும் முன் ஆய்வும், நினைவு மங்கும் முன் தீர்ப்பும் கிடைத்தால்தான் சட்டத்தின் அளவுகள் குழந்தையின் தம்ளர்வரை வந்து சேரும்.